சப்பரம் நிற்கக் கூடாத வீடு

எர்சிலியா நஸ்தாசியின் வீட்டிலிருந்து காபி கருகும் வாசனை வந்தால், சிறையிலிருந்து எவனோ ஒருவன் விடுப்பில் வெளியே வந்திருக்கிறான் என்று தெற்கு இத்தாலியில் எங்கள் காஸ்த்ரோமூரோ ஊரின் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைப்பாள். கூடத்துக்குப் போய்த் தொலைபேசியைப் பார்ப்பாள். பால்கனிக்குப் போவாள், திரும்பக் கூடத்துக்கு வருவாள். அதற்குள் பாத்திரம் அடிபிடித்துவிடும். கீழ்வீட்டில் துணி தேய்த்துக் கொடுத்துப் பிழைக்கும் விதவை அசுந்தீனா ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்துவாள்.

“ஜட்ஜம்மா! இன்னைக்கு யாரு வெளிய?”

“உன் வேலையப் பாரு அசுந்தீனா.”

“என் வேலையத்தான் பாக்குறேன். தேச்சு அடுக்கின சட்டையெல்லாம் கருகல் நாத்தம் அடிக்குது. திருடன வெளிய விட்டா ஒரு பாத்திரம் போகுது. கொலைகாரன்னா ரெண்டு போகுது.”

தண்டனை கொடுப்பது எர்சிலியாவின் வேலை அல்ல. அதை வேறு நீதிபதிகள் கொடுத்துவிட்டு, கறுப்பு அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பார்கள். கொடுத்த தண்டனை உள்ளே எப்படிக் கழிகிறது என்று பார்ப்பது இவள் பாடு. ஒழுங்காக இருக்கும் கைதியை இரண்டு மூன்று நாள் வீட்டுக்குப் போய்வர விடலாம் என்று சட்டம் சொல்கிறது. விடலாமா, கூடாதா என்று கையெழுத்துப் போடுகிற நாற்காலி இவளுடையது. நீதித்துறையில் யாரும் ஆசைப்பட்டு உட்காராத நாற்காலி அது. போனவன் திரும்பி வந்தால் யாரும் பேசமாட்டார்கள். வராவிட்டால் நாடே பேசும்.

அவளுடைய அப்பா ரயில்வே கேட் காவலர். கேட்டை மூடினால் ரயில் கடந்து போகும்வரை உட்காரமாட்டார். வண்டி தாமதமானால் வெயிலோ மழையோ நின்றுகொண்டே இருப்பார். “உட்காருங்களேன்” என்று அம்மா சொன்னால், “ரெண்டு பக்கமும் சனம் என்னை நம்பி நிக்குது, நான் உக்காரவா?” என்று எரிந்து விழுவார். அந்த வீட்டில் பிறந்த பெண் ரோமுக்குப் போய் நீதிபதித் தேர்வு எழுதினாள். முதல் தடவை தோற்றாள். இரண்டாம் தடவை தேறிய செய்தி வந்த அன்று அப்பா கேட்டில் இருந்தார். சரக்கு வண்டி போய் முடிந்த பிறகுதான் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார்.

முதல் வேலை வடக்கே, மலையடிவாரத்தில். எந்நேரமும் பனிமூட்டம். மாடு வேலி தாண்டிய வழக்குகளும் பாட்டனார் விட்டுப்போன அலமாரிக்கு அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளும் வழக்குகளுமாகச் சில வருடங்கள் போயின. பிறகு தெற்கே மாற்றல் வாங்கி வந்தாள். இங்கே ரெனாத்தோ என்ற வக்கீலோடு நிச்சயம் ஆயிற்று. நல்ல மனிதர், நன்றாகச் சமைப்பார். ஒருநாள் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே, தன் கட்சிக்காரர் ஒருவரின் வழக்கைக் கொஞ்சம் முன்னால் எடுக்க முடியுமா என்று கேட்டார்.

“சின்ன உதவிதானே எர்சிலியா.”

அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள். மோதிரம் மறுநாள் திரும்பிப் போயிற்று. ஊர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றது. ஊரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் கிடைப்பதும் உதவி, பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பதும் உதவி, செத்தவனுக்கு நிழலான குழி கிடைப்பதும் உதவிதான். யாரோ ஒரு பெரிய மனிதர் தலையசைக்க வேண்டும், வாங்கியவன் ஆயுள் முழுக்கக் குனிய வேண்டும். உரிமை என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் அதை நம்புவதில்லை. உதவி என்ற சொல்லைக் கேட்டாலே எர்சிலியாவுக்கு உடம்பெல்லாம் எரியும்.

அவள் விடுப்பில் விட்டவர்களில் ஒரே ஒருவன்தான் திரும்பி வரவில்லை. ஜெர்மனியில் அண்ணன் வைத்திருந்த உணவகத்தின் அடுக்களையில் அவனைப் பிடித்தார்கள். பத்திரிகைகள் எர்சிலியாவின் படத்தைப் போட்டுக் கிழித்தன. அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அந்தச் சிறையில் எல்லோருடைய விடுப்பையும் ஒரு வருடத்துக்கு நிறுத்தினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மகள் கல்யாணத்துக்குப் போகப் புதுச் சட்டை தைத்து வைத்திருந்த கிழவன் ஒருவன் உள்ளே இருந்தான். போக முடியாது என்பதை அவளே நேரில் போய்ச் சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றைக்குப் பிடித்த நடை, வீட்டுக்குள் அவள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறாள்.

மேலிடமும் சும்மா இருக்கவில்லை. இனி ஒரே ஒரு பேச்சு எழுந்தாலும் அந்தச் சிறையின் விடுப்பு மனுக்கள் எல்லாம் தலைநகரத்துக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தலைநகரத்துக்குப் போன காகிதம் எப்போது திரும்பும் என்று எங்களுக்குத் தெரியும். கைதி செத்த பிறகு அனுமதி வரும்.

இந்த நிலைமையில்தான் சவேரியோ மங்கானேயின் மனு வந்தது.

சவேரியோ மீன்பிடிக்காரன், காஸ்த்ரோமூரோக்காரன். படகுச் சண்டையில் பெரியப்பா மகனைக் கத்தியால் குத்திவிட்டுத் தானே காவல் நிலையத்துக்கு நடந்து போனவன். தண்டனையில் பெரும் பகுதி கழிந்துவிட்டது. சிறையில் அவனை எதிரே உட்காரவைத்து எர்சிலியா கேட்டாள்.

“அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு எழுதலையே? எல்லாரும் அதான எழுதுவாங்க?”

“பக்கத்துக் கொட்டடிக்காரனும் அப்படித்தான் எழுதச் சொன்னான்மா. எங்கம்மா நல்லாத்தான் இருக்கு. நான் பாட்டுக்குப் பொய்ய எழுதி, அது நெஜமாவே படுத்துக்கிட்டா?”

“அப்ப எதுக்கு விடுப்பு?”

“சாந்தா மரீனா சப்பரம் தூக்கணும்.”

எங்கள் ஊர்ப் புனிதை சாந்தா மரீனாவின் திருவிழாவில் சப்பரத்தை யார் வேண்டுமானாலும் தூக்கிவிட முடியாது. தண்டில் ஒவ்வொரு தோளுக்கும் ஒரு குடும்பம் உண்டு. முன்பக்க இடது தண்டு மங்கானே வீட்டுக்கு. தாத்தா தூக்கினார், அப்பா தூக்கினார், சவேரியோ தூக்கினான். அவன் உள்ளே போனதிலிருந்து அவனுடைய மச்சான் அந்த இடத்தில் தோள் கொடுத்து வந்தான். இந்த வருடமும் மங்கானே ரத்தம் வராவிட்டால் தண்டு ரொட்டிக் கடைக் குடும்பத்துக்குப் போய்விடும் என்று திருவிழாச் சபை முடிவு செய்திருந்தது.

“தண்டு போச்சுன்னா எனக்கு ஊர்ல நிக்க எடமே இல்லம்மா. தண்டனை முடிஞ்சு வந்து எங்க நிப்பேன்?”

எர்சிலியா கடைசியாகக் கோயிலுக்குள் போனது அப்பாவின் அடக்கத்துக்கு. சாமி, சப்பரம் எதிலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் நிற்க இடம் உள்ளவன் ஓடமாட்டான் என்று நம்பினாள். கையெழுத்துப் போட்டாள். வெள்ளி காலையில் வெளியே, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு உள்ளே.

சவேரியோவின் கண் நிறைந்துவிட்டது. “இந்த உதவிய நான் சாகுற வரைக்கும்…”

“உதவி இல்ல. சட்டத்துல இருக்கு, உனக்குச் சேரவேண்டியது. எங்க, திருப்பிச் சொல்லு.”

“சட்டத்துல இருக்கு” என்றான், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. முகம் மட்டும் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதே அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

திருவிழாச் சனிக்கிழமை. சப்பரம் வரும் தெருவில் எல்லா பால்கனிகளிலும் பெட்டிக்குள் வைத்திருந்த நல்ல விரிப்புகளை எடுத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். எர்சிலியா வீட்டுப் பால்கனி மட்டும் எப்போதும் போல மொட்டையாக இருந்தது. காபி இரண்டு தடவை கருகிவிட்டது. அசுந்தீனா கையில் ஒரு மஞ்சள் பட்டு விரிப்போடு படியேறி வந்தாள்.

“நகருங்க. தெருவுக்கே அசிங்கமா இருக்கு.”

“எனக்கு வேண்டாம்.”

“உங்களுக்குப் போடல. சாமிக்குப் போடுறேன். உங்களுக்கும் சாமிக்கும் சண்டைன்னா அதை நீங்க ரெண்டு பேரும் தனியாப் பேசித் தீத்துக்குங்க.”

விரிப்பைக் கம்பியில் போட்டு நீவிவிட்டு, கருகிய பாத்திரத்தைத் தேய்க்க அடுக்களைக்குள் போனாள். எர்சிலியாவுக்குத் தடுக்க மனம் இல்லை. அவள் காது காவல் நிலையத்துப் பக்கம் இருந்தது. சவேரியோ காலையில் அங்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று செய்தி வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. சப்பரக் கூட்டத்தில் நழுவ நினைப்பவனுக்குக் கஷ்டமே கிடையாது. துறைமுகம் கூப்பிடு தூரத்தில்தான். அவள் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தாள்.

பாண்டு வாத்தியம் திருப்பத்தில் கேட்டது. சப்பரம் தெரிந்தது. வெள்ளைச் சட்டை, சிவப்பு இடைக்கச்சை, வெறுங்கால். முன்பக்க இடது தண்டின் அடியில் சவேரியோ வேர்த்துக் கொட்டிக்கொண்டு வந்தான். எர்சிலியாவுக்கு மூச்சு வந்தது. இருக்கிறான். தூக்குபவர்களின் தலைவர் கோசிமோ கையில் மரச் சுத்தியோடு முன்னால் நடந்தார். தண்டில் ஒரு தட்டு தட்டினால் நிற்கவேண்டும், இரண்டு தட்டினால் தூக்கவேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் சப்பரம் கோயிலைத் தவிர ஒரே ஒரு வாசலில்தான் நிற்கும். அது தோன் ப்ரூனோவின் வாசல். அவர் என்ன தொழில் செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாத் தொழிலிலும் அவருக்குப் பங்கு உண்டு. அவர் வீட்டு முன்னால் வந்ததும் சப்பரத்தின் வார் எப்படியோ தளர்ந்துவிடும். வருடா வருடம் அதே இடத்தில்தான் தளரும். அதைக் கட்டும் சாக்கில் முன்னால் உள்ளவர்கள் முழங்காலை மடக்குவார்கள், சாமி பால்கனியைப் பார்த்துத் தலை குனியும். பங்குச் சாமியார் அந்நேரம் ஜெபப் புத்தகத்தில் பக்கம் தேடுவார். காவல் அதிகாரி பூட்ஸ் கயிறு கட்டுவார். இரண்டு பேருக்கும் பல வருடப் பழக்கம்.

எர்சிலியாவின் பால்கனிக்குக் கீழே வந்ததும் கோசிமோ ஒரு தட்டு தட்டினார்.

சப்பரம் நின்றது. பாண்டு நின்றது. தெரு முழுக்க நிமிர்ந்து மேலே பார்த்தது. சவேரியோவும் பார்த்தான். அவ்வளவு சந்தோஷமான முகத்தை எர்சிலியா அந்தச் சிறையில் எவனிடமும் பார்த்ததில்லை. முன்தண்டுக்காரர்கள் மெல்ல முழங்காலை மடக்க ஆரம்பித்தார்கள். சாந்தா மரீனாவின் மர முகம் மஞ்சள் விரிப்பை நோக்கிச் சாய்ந்தது.

ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதை மறைத்துப் பிரயோஜனமில்லை. இத்தனை வருடம் ஒரு கிண்ணம் அத்திப்பழம்கூட எவனிடமும் வாங்காமல் தனியாக நடந்தவளுக்கு ஊர் கூடி வணக்கம் போட்டால் இனிக்கத்தானே செய்யும்? மறுகணமே கீழே உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரன் தோளில் கேமராவைத் தூக்குவது தெரிந்தது. இந்த ஊரில் சாமி யாருக்குக் குனியும் என்று தலைநகரத்தில் உள்ளவர்களுக்கும் தெரியும். கைதி தூக்க, சாமி குனிய, பட்டு விரித்த பால்கனியில் நீதிபதி நிற்கிறாள். அவர்களுக்கு இந்த ஒரு படம் போதும். கதவு மூடிவிடும், இனி எந்தக் கிழவனும் மகள் கல்யாணத்துக்குப் போகமுடியாது.

வீட்டுச் செருப்போடு படியில் இறங்கி ஓடினாள். கூட்டம் தானாக விலகியது. நேரே இடது தண்டுக்குப் போனாள்.

“யாரு நிறுத்தச் சொன்னது?”

“நான்தாம்மா” என்றான் சவேரியோ. பாதி குனிந்த நிலையில் தோள் நடுங்கியது. “எல்லார் காலையும் புடிச்சுக் கேட்டேன். உங்களுக்குன்னதும் சரின்னுட்டாங்க.”

“இந்த ஊர்ல சாமி யார் வீட்டு முன்னாடி நிக்கும்?”

அவன் தோளில் தண்டைச் சரிசெய்தான்.

“சொல்லு சவேரியோ.”

“தோன் ப்ரூனோ வீட்டு முன்னாடி.”

“அப்ப நான் யாருடா?”

அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் அத்தனையும் வடிந்துபோனது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது, அவளுக்கும்தான். கோசிமோ கையைப் பிசைந்தார்.

“ஜட்ஜம்மா, பாதி குனிஞ்ச சாமிய அப்படியே நிமித்தப்படாது. ஊருக்கு ஆகாது. வணக்கம் முடிஞ்சாகணும்.”

“முடிச்சுக்குங்க. நான் அங்க இல்ல, இங்க நிக்கிறேன்.”

சொல்லிவிட்டுச் சப்பரத்துக்குப் பின்னால் போய், நேர்த்திக்கடனுக்காக வெறுங்காலோடு நடந்து வரும் பெண்களுக்கு நடுவே நின்றுகொண்டாள். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து தன் வீட்டுப் பால்கனியை நிமிர்ந்து பார்த்தாள்.

பால்கனி காலியாக இல்லை. கீழே என்ன கலவரம் என்று பார்க்க அடுக்களையிலிருந்து ஓடிவந்த அசுந்தீனா, கையில் கருகிய காபிப் பாத்திரத்தோடு அங்கே நின்றாள். சாமி அவளைப் பார்த்துக் குனிந்தது. அசுந்தீனா திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். யாரும் இல்லை. தனக்குத்தான் என்று புரிந்ததும் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“ஏ அசுந்தீனா! ஆசீர்வாதம் குடுடி!” என்று எவனோ கத்த, தெருவே சிரித்தது. கேமராக்காரனும் சிரித்துக்கொண்டேதான் படம் எடுத்தான். கோசிமோ இரண்டு தட்டு தட்டினார். சப்பரம் எழுந்து நகர்ந்தது. சவேரியோ மட்டும் சிரிக்கவில்லை. மேலேயும் பார்க்கவில்லை, பக்கத்திலும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நடை இன்னும் மோசமாயிற்று. அத்தனை பேர் முன்னால் அவனை ‘டா’ போட்டது அவளைக் குத்தியது. அவமானப்பட்டவன் என்ன செய்வான்? ஓடுவான். நாளை ஆறு மணிக்குச் சிறை வாசலில் ஆள் இல்லாவிட்டால், துரத்தியது சட்டம் அல்ல, தன் நாக்குத்தான். இருட்டியது. வாண வேடிக்கை ஆரம்பித்தது. ஒவ்வொரு வெடிக்கும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தொலைபேசி அடித்தது. சிறைக் கண்காணிப்பாளர் ஒராத்சியோ பேசினார்.

“மேடம், சவேரியோ மங்கானே வாசல்ல நிக்கிறான்.”

“எப்படி? நாளைக்குத்தானே?”

“அதான் எனக்கும் புரியல. சப்பரம் தூக்கின சட்டையோட, செருப்புகூட இல்லாம கடைசி பஸ்ல வந்திருக்கான். உள்ள எடுத்துக்குங்கன்னு கதவப் போட்டுத் தட்டுறான். உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டானாம், மீதி நாள் தனக்கு வேண்டாமாம். எடுத்துக்கவா? நமக்கும் நல்லதுதான், தலைவலி தீந்துது.”

நல்லதுதான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆள் உள்ளே, கதவு பத்திரம், மேலிடத்துக்கும் பேச்சில்லை, அவளும் இன்று படுத்துத் தூங்கலாம். அவள் தொலைபேசிக் கயிறு போகும் மட்டும் நடந்தாள். கால் வலித்தது.

“எடுக்காதீங்க” என்றாள்.

“மேடம்?”

“நாளைக்கு ஆறு மணி வரைக்கும் அவனோட நேரம். நான் குடுத்ததா இருந்தா திருப்பி வாங்கிக்கலாம். நான் குடுக்கல. அவங்கிட்டக் குடுங்க, பேசுறேன்.”

மறுமுனையில் அவன் குரல் வந்தது.

“அம்மா, நான் உங்களக் கெடுத்துட்டேன்…”

“கெடுக்கல. தப்புப் பண்ணின. நானும் தெருவுல வெச்சு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. சாப்பிட்டியா?”

“இல்லம்மா.”

“உங்கம்மா சமைச்சு வெச்சிட்டுக் காத்திருக்கும். ஒராத்சியோகிட்டச் சொல்லி வண்டி ஏற்பாடு பண்ணச் சொல்றேன்.” சட்டென்று நிறுத்தினாள். “இல்ல, பண்ணமாட்டேன். அது உதவி. நீயே எப்படியாவது போய்ச் சேரு. நாளைக்கு ஆறு மணி. அதுக்கு முன்னாடி கதவத் தட்டினா திறக்கக் கூடாதுன்னு உத்தரவு போடுறேன்.”

அவன் “சட்டத்துல இருக்கு” என்றான். இந்தத் தடவை ஒப்புவிக்கிற குரலாக இல்லை.

மறுநாள் மதியம் அசுந்தீனா தொலைக்காட்சியில் வந்தாள். தேய்ப்புக்காரியின் பால்கனிக்குச் சாமி குனிந்ததாகச் சொன்னார்கள். யார் பால்கனி என்று யாரும் கேட்கவில்லை. தெருவே கீழ்வீட்டில் கூடியிருந்தது. எர்சிலியா மட்டும் மேலே, கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வெறுங்காலோடு இருட்டில் போனவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்பதே தெரியாது. காலையில் காவல் நிலையத்தில் கேட்கலாம் என்று இரண்டு தடவை தொலைபேசியை எடுத்தாள், இரண்டு தடவையும் வைத்துவிட்டாள். அது அவனுடைய நாள், அதற்குள் போய் எட்டிப்பார்க்க அவளுக்கு வேலை இல்லை. காபி கருகியது. ஐந்து அடித்தது. ஐந்தரை ஆயிற்று. ஆறும் அடித்தது. தொலைபேசி சும்மா இருந்தது. அவள் சுவரில் கையை ஊன்றி நின்றுவிட்டாள்.

அப்புறம்தான் மணி அடித்தது.

“வந்துட்டானா?” என்றாள்.

“அவன் அப்பவே வந்துட்டான் மேடம்” என்றார் ஒராத்சியோ. “ஒரு மணி நேரமா வெயில்ல வெளிய நின்னுட்டிருந்தான். தட்டவே இல்ல. நீங்க சொன்னபடி நானும் ஆறு வரைக்கும் திறக்கல.”

எர்சிலியா தொலைபேசியை வைத்தாள். பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.